கூடிச் செய்த வேலையை எழுதி வைப்பது எப்படி

கட்டற்ற மென்பொருள் கூடல்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. தமிழ்த்தாய் வாழ்த்துடன் நிகழ்ச்சி தொடங்கியது. துறைத்தலைவர் வரவேற்றார். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. மாணவர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர். நன்றியுரையுடன் இனிதே நிறைவுற்றது. கீழே ஒரு குழுப் படம். எழுதியது அத்தனையும் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு நாளும் மடிக்கணினிக்கு முன்னால் குனிந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள், எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, திங்கட்கிழமை யார் எதை எடுத்துத் தொடரலாம் என்று தேடினால் ஒரு வரியும் கிடைக்காது. வேலை நடந்த இடத்தை விழா நடந்த இடமாக எழுதிவிடுகிறோம்.

நான் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஷிப்ட் மாறும்போது லாக் புக்கில் இப்படி எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்: "12-ஆம் ரிங் பிரேம், ஹெட்ஸ்டாக் பக்கம் பேரிங் சத்தம். கிரீஸ் வைத்துப் பார்த்தோம், குறையவில்லை. இன்று ஓட்டலாம். நாளை மாற்ற வேண்டும். புது பேரிங் ஸ்டோரில் இருக்கிறது." அடுத்து வருபவர் என் முகத்தைப் பார்க்காமலேயே வேலையைத் தொடங்கிவிடுவார். கண்டது, செய்தது, பலித்ததா, மிச்சம் என்ன, அதற்கு வேண்டிய பொருள் எங்கே என்ற ஐந்தும் அந்த நாலு வரிக்குள் இருக்கின்றன. ஒரு கூடலைப் பற்றிய குறிப்பும் இப்படி வேலையைக் கைமாற்றித் தர வேண்டும் என்பதே என் கட்சி. கூடலுக்கு வராதவருக்காகத்தான் அதை எழுதுகிறோம்.

நான் சொல்வது பரிசுத்தொகை வைத்து நடக்கும் போட்டிகளை அல்ல. ஒரு திட்டத்தில் ஏற்கெனவே பங்களிப்பவர்களும் புதிதாக வருபவர்களும் ஓரிடத்தில் உட்கார்ந்து வழுக்களை (நிரலில் உள்ள பிழைகளை)த் தீர்ப்பது, மொழிபெயர்ப்பை முடிப்பது, ஆவணங்களைத் திருத்துவது. இதை ஸ்பிரிண்ட் என்பார்கள், ஹேக்கத்தான் என்பார்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் ஆட்கள் வழுநீக்கத்துக்கென்றே கூடும் கூடலுக்கு பக் ஸ்குவாஷிங் பார்ட்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தின் முதல் ஹேக்கத்தான் 1999 ஜூனில் கனடாவின் கால்கரியில் நடந்தது. பத்து நிரலாளர்கள் கூடினார்கள். மறையாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்வதற்கு அப்போது சட்டச் சிக்கல் இருந்ததால் அந்த வேலையைக் கனடாவில் வைத்துச் செய்தார்கள். அந்தத் திட்டத்தின் ஹேக்கத்தான்கள் முடிந்ததும் நிரலாளர்கள் பலர் தனித்தனியாகக் குறிப்பு எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இந்த டிரைவரைக் கையில் எடுத்தேன், இவ்வளவு உள்ளே போய்விட்டது, இது இன்னும் சரியாகவில்லை என்கிற நடைதான். விருந்தினர் பெயரெல்லாம் அதில் தேட முடியாது. படித்து முடிக்கும்போது நாமும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது போல இருக்கும்.

கூடுவதற்கு முன்பே செய்ய வேண்டியவை

குறிப்பு எழுதும் வேலை கூடலுக்கு முந்தின வாரமே தொடங்கிவிடுகிறது. முதல் வேலை, வழுப்பதிவில் (வழுக்களை எண்ணிட்டுப் பதிந்து வைக்கும் தளத்தில்) ஒரு பொது முத்திரை வைப்பது. கிட்ஹப், கிட்லேப் போன்ற நிரல் பகிர்வுத் தளங்கள் என்றால் ஒரு லேபிள் போதும். டெபியனின் வழுப்பதிவில் யூசர்டேக் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. கூடலில் யார் எந்த வழுவைத் தொட்டாலும் அந்த முத்திரையைப் போட்டுவிட வேண்டும் என்று முதல் நாள் காலையில் பலகையில் எழுதிப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் கூடல் முடிந்த பிறகு வாட்ஸ்அப் குழுவில் "நீங்க என்ன பண்ணீங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாதிப் பேர் பதில் போடுவார்கள். மீதிப் பேருடைய வேலை கணக்கில் வராமலே போய்விடும்.

இரண்டாவது, ஒரு பொது ஏடு. ஈதர்பேட் போல எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய பக்கமாக இருப்பது நல்லது. மேசைக்கு ஒரு தலைப்புப் போட்டு வையுங்கள். வெறும் பக்கத்தைக் கொடுத்தால் யாரும் எழுத மாட்டார்கள். "எடுத்த வழு / கண்டது / செய்தது / இப்போது எங்கே நிற்கிறது" என்று நான்கு சொல்லை முன்கூட்டியே தட்டி வைத்துவிட்டால் கை தானாகப் போகும்.

மூன்றாவது, தொடங்கும்போது இருந்த நிலைமையைப் பதிந்து வைப்பது. திறந்திருக்கும் வழுக்களின் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை எடுத்து ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு ஸ்பிரிண்ட் என்றால் எத்தனை சரங்கள் (மென்பொருளின் திரையில் வரும் சொற்றொடர்கள்) மொழிபெயர்க்காமல் இருக்கின்றன, எத்தனை ஃபசி (மறுபடி சரிபார்க்க வேண்டியவை) என்று குறிக்கப்பட்டிருக்கின்றன என்ற இரண்டு எண்ணையும் எடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு பழைய நிலைமையை எளிதில் எடுக்க முடியாது. மொழிபெயர்ப்புத் தளங்கள் பலவும் அந்த நிமிடத்து விழுக்காட்டைத்தான் முகப்பில் காட்டும்.

செலவுக்குப் பணம் தந்த அமைப்பு ஏதாவது இருந்தால் அவர்களுக்கு என்ன மாதிரி அறிக்கை வேண்டும் என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டெபியன் திட்டத்தில் ஸ்பிரிண்டுக்குப் பணம் ஒதுக்கினால் முடிந்ததும் ஓர் அறிக்கை வர வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். நன்கொடையாளர்களுக்குக் கணக்குக் காட்டுவது அந்தப் பணத்துக்கான மரியாதை.

மேசை மேசையாகப் போங்கள்

கூடல் நடக்கும்போது எழுதும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் அன்றைக்கு நிரல் எழுதக் கூடாது என்பேன். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டும் அரைகுறையாகும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பும் மாலை டீக்கு முன்பும் ஒரு சுற்று வந்தால் போதும். கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: "இப்ப எதைப் பார்த்துட்டு இருக்கீங்க? எங்க நிக்குது?" முன்னேற்றம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கேட்டால் "போயிட்டிருக்குங்க" என்றுதான் பதில் வரும். எங்கே நிற்கிறது என்று கேட்டால் திரையைத் திருப்பிக் காட்டுவார்கள்.

எங்கள் கூடல் ஒன்றில் ஒரு தமிழ் அகராதிச் செயலியைச் சுற்றி ஒரு மேசை உட்கார்ந்திருந்தது. முதல்முறை வந்த கல்லூரி மாணவி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "அண்ணா, கொக்குன்னு தேடினா ஒண்ணுமே வரமாட்டேங்குது. ஆனா கோப்பைத் திறந்து பார்த்தா கொக்கு உள்ளே இருக்குங்க." பக்கத்தில் எழுத்துரு வேலை செய்பவர் ஒருவர் இருந்தார். அவர் கோப்பில் இருந்த சொல்லையும் விசைப்பலகையில் அடித்த சொல்லையும் எடுத்து, ஒவ்வொரு எழுத்தும் எந்தக் குறியீட்டு எண்ணில் இருக்கிறது என்று அச்சிட்டுப் பார்த்தார். விசைப்பலகை தந்த "கொ"வில் இரண்டு குறியீடு: ககரம் ஒன்று, ஒகர உயிர்க்குறி ஒன்று. கோப்பில் இருந்த "கொ"வில் மூன்று: ககரம், கொம்பு, கால். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். கோப்பு பழைய குறியாக்கத்திலிருந்து மாற்றப்பட்டது. மாற்றிய நிரல் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டுவிட்டிருந்தது.

அந்த நேரத்தில் ஏட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்: "அகராதி மேசை. கொ, கோ, கௌ வரும் சொற்கள் தேடலில் இல்லை. தரவில் கொம்பு+கால் தனித்தனி. என்எஃப்சி ஆக்கிப் பார்க்கிறார்கள். 11.40." என்எஃப்சி என்பது இப்படிப் பிரிந்து கிடக்கும் குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் யுனிகோட் வடிவம். நேரத்தை எழுதும் பழக்கம் மில்லிலிருந்து வந்தது. பின்னால் கமிட்டுகளோடு (திட்டத்தின் நிரல் களஞ்சியத்தில் பதிவாகும் மாற்றங்களோடு) ஒப்பிட அது மிகவும் உதவும்.

இணையம் வழியாகவும் ஆட்கள் சேர்ந்திருந்தால் அவர்களுடைய பேச்சும் ஏட்டுக்கு வர வேண்டும். ஐஆர்சி என்ற இணைய அரட்டையில் நடக்கும் கூட்டங்களுக்கு டெபியனில் மீட்பாட் என்ற நிரலைப் பயன்படுத்துகிறார்கள். பேச்சின் நடுவே முடிவு எட்டப்பட்டால் ஒரு கட்டளை, யாராவது வேலையை ஏற்றுக்கொண்டால் ஒரு கட்டளை தட்டினால், கூட்டம் முடிந்ததும் அந்த வரிகளை மட்டும் தொகுத்துத் தந்துவிடும். உங்கள் குழு மேட்ரிக்ஸிலோ டெலிகிராமிலோ இருந்தாலும் பரவாயில்லை. "முடிவு:" "பொறுப்பு:" என்று தொடங்கும் வரிகளை எழுத எல்லாரும் ஒத்துக்கொண்டால் தேடி எடுப்பது சுலபம்.

ஒரு வழுவை எப்படி எழுதுவது

இதில்தான் குறிப்பின் உயிர் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்த அகராதி வழுவையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான நடையில் எழுதினால் இப்படி வரும்: "அகராதிச் செயலியில் இருந்த தேடல் சிக்கல் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது." இந்த வரியைப் படித்து யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. வேறொரு தமிழ்ச் செயலியில் இதே சிக்கலோடு தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பவர் இதைக் கடந்து போய்விடுவார்.

நான் எழுதிய வடிவம் ஏறக்குறைய இது:

"கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் உள்ள சொற்களைத் தேடினால் விடை வரவில்லை. தரவுக் கோப்பில் இந்த உயிர்க்குறிகள் இரண்டு துண்டாகவும், பயனர் அடிக்கும் சொல்லில் ஒரே குறியாகவும் இருந்ததே காரணம். யுனிகோட் விதிப்படி இரண்டும் சமம், ஆனால் பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு. தேடல் அட்டவணையை உருவாக்கும்போதும் பயனர் சொல்லைப் பெறும்போதும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினோம். கொக்கு, கோழி, தோட்டம் இப்போது கிடைக்கின்றன. கௌதாரி இன்னும் கிடைக்கவில்லை. தரவில் அது ககரம், கொம்பு, ளகரம் என்று பதிந்திருக்கிறது. ளகரம் தனி எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் தொடாது."

கடைசி இரண்டு மூன்று வரியைப் பாருங்கள். தீராத பாதியைச் சொல்லும் வரிகள் அவை. அடுத்து வருபவருக்கு அந்த வரிகள்தான் வேலை தருகின்றன. அதே மேசையில் ஒருவர், "கொம்புக்குப் பின்னாடி ளகரம் வந்தா எல்லாத்தையும் ஔகாரக் குறியா மாத்திடலாமே" என்றார். எழுத்துரு நண்பர் உடனே "அப்படின்னா கெளுத்தி மீன் என்ன ஆகும்? வெள்ளம், தெளிவு எல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டார். அந்தச் சொற்களில் ளகரம் உண்மையிலேயே ளகரம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் அகராதியில் பாதி கெட்டுவிடும். இந்த உரையாடலும் குறிப்புக்குள் போக வேண்டும். போகாவிட்டால் ஆறு மாதம் கழித்து ஒருவர் அதே யோசனையோடு ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) அனுப்புவார். அதை ஏன் ஏற்கவில்லை என்று மறுபடி முதலிலிருந்து விளக்க வேண்டும்.

அப்படி ஒவ்வொரு வழுவையும் இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா? வேண்டாம். எழுத்துப்பிழைத் திருத்தம், பதிப்பெண் உயர்த்தல் போன்றவற்றை ஒரே வரியில் சேர்த்துத் தொகுத்துவிடுங்கள். எந்த வழுவில் மற்றவர்கள் தெரிந்துகொள்ள ஏதோ ஒன்று இருக்கிறதோ அதற்கு மட்டும் இடம் கொடுங்கள். இரண்டு நாள் கூடலில் அப்படி மூன்றோ நான்கோ தேறும். ஒவ்வொன்றுக்கும் வழு எண்ணும் கமிட் இணைப்பும் கட்டாயம்.

முடிவுகளைக் காரணத்தோடு எழுதுங்கள்

நிரல் எப்படியும் களஞ்சியத்தில் இருக்கும். முடிவுகளுக்குக் காரணம் எங்கேயும் இருக்காது. டீ குடித்துக்கொண்டே பேசி முடித்ததெல்லாம் டீயோடு போய்விடும். எங்கள் மேசையில் எடுத்த முக்கியமான முடிவு, தரவுக் கோப்பைத் திருத்துவதில்லை என்பது. கோப்பைத் திருத்துவது பத்து நிமிட வேலை. ஆனால் அது வேறொரு குழு பராமரிக்கும் தரவு. அவர்கள் புதுப் பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் நம் திருத்தம் அழிந்துபோகும். ஆகவே செயலியின் பக்கம் மாற்றுவது, மூலக் குழுவுக்குத் தனியாக வழு பதிவது என்று தீர்மானித்தோம். காரணத்தை எழுதாமல் முடிவை மட்டும் எழுதியிருந்தால் சோம்பேறித்தனமாகத் தெரிந்திருக்கும்.

முடிவை எழுதும்போது மூன்றைச் சேருங்கள்: என்ன முடிவு, எந்த மாற்றுவழி கைவிடப்பட்டது, எது மாறினால் இந்த முடிவை மறுபடி பரிசீலிக்கலாம். இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "மூலக் குழு என்எஃப்சி வடிவில் வெளியிடத் தொடங்கினால் நம் மாற்றத்தை எடுத்துவிடலாம்" என்ற ஒரு வரி, பிற்காலத்தில் ஒருவருக்குத் தைரியமாக நிரலை நீக்கும் உரிமையைத் தருகிறது.

கருத்து வேறுபாடு தீராமல் நின்றால் அதையும் இரு பக்கமும் எழுதுங்கள். யார் எந்தப் பக்கம் என்று எழுத வேண்டியதில்லை. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற அமைப்பு 1927-இல் வகுத்த ஒரு விதி இன்றும் பல கூடல்களில் பின்பற்றப்படுகிறது. பேசப்பட்டதை வெளியே சொல்லலாம், பேசியவர் யார் என்று சொல்லக் கூடாது. வேறு வேறு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் ஒரே மேசையில் உட்காரும்போது இந்த விதி வாயைத் திறக்க வைக்கும். ஒரே மூலநிரலிலிருந்து யார் கட்டினாலும் பைட்டுக்குப் பைட் அதே நிரல்தான் வர வேண்டும் என்று உழைக்கும் ரீபுரடியூசிபிள் பில்ட்ஸ் குழுவினர் 2015 டிசம்பரில் ஏதென்ஸில் முதல் உச்சிக்கூடலை நடத்தினார்கள். டெபியன் போன்ற பல திட்டத்தவரும் கலந்து உட்கார்ந்த இடம் அது. அவர்களுடைய கூடல்களின் அமர்வுக் குறிப்புகளைத் தேடிப் படித்துப் பாருங்கள். எந்த அமர்வில் என்ன கேள்வி எழுந்தது, எதை யார் தொடர வேண்டும் என்பதற்குத்தான் அவற்றில் இடம். தனி மனிதப் புகழுரைக்கு அங்கே இடமில்லை.

ஓடாத முயற்சியை மறைக்காதீர்கள்

நம் ஊர்க் குறிப்புகளில் எனக்குப் பெருங்குறையாகப் படுவது இது. முயன்று பலிக்காததை எழுதினால் கூடலுக்கு இழுக்கு என்று நினைக்கிறார்கள். அப்படி எழுதுவது பெரிய உதவி. பைத்தான் நிரல்மொழியைப் பைத்தானிலேயே எழுத முனைந்த பைபை திட்டம் 2003 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹில்டெஷைம் நகரில் முதல் ஸ்பிரிண்டை நடத்தியது. அதன்பின் பல ஆண்டுகள் ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்டாகத்தான் வளர்ந்தது. அவ்வளவு கடினமான ஒரு வேலையில் எல்லா வழியும் முதல் தடவையிலேயே பலித்திருக்க முடியாது. எந்த வழி அடைபட்டது என்று தெரிந்தவர்கள்தான் அடுத்த வழிக்குப் போக முடியும்.

எழுதும்போது மென்மையாக, ஆனால் தெளிவாக எழுதுங்கள். "நேரமின்மையால் முடியவில்லை" என்பது ஒன்றையும் சொல்லாது. "நூலகத்தின் புதுப் பதிப்போடு கட்டிப் பார்த்தோம், ஆண்ட்ராய்டு பழைய பதிப்புகளில் செயலி திறக்கவில்லை, பிழைச்செய்தி வழுப்பதிவில் இணைத்திருக்கிறது, கிளை அப்படியே இருக்கிறது, நீக்கவில்லை" என்பது அடுத்தவருக்கு அரை நாள் மிச்சம்.

ஒன்றை மட்டும் எழுதவே கூடாது. கூடலின்போது பாதுகாப்புக் குறை ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால், அதற்குத் திருத்தம் வெளியாகும் வரை குறிப்பில் ஒரு சொல்லும் வரக் கூடாது. பொது ஏட்டில் யாராவது தட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஈதர்பேடில் பழைய நிலைகளை ஓட்டிப் பார்க்கும் வசதி உண்டு என்பதால் அழித்தாலும் போதாது, அந்த ஏட்டையே மூடிவிட்டுப் புதிது தொடங்குங்கள். திட்டத்தின் பாதுகாப்புக் குழுவுக்குத் தனிமடல் போகட்டும்.

ஆட்கள்

கமிட் செய்தவர் பெயர் தானாகப் பதிந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து குறியீட்டு எண்களைப் படித்துக் காட்டியவர் பெயர் எங்கும் பதியாது. அதனால் இருவராகச் செய்த வேலைக்கு கமிட் செய்தியின் கடைசியில் "கோ-ஆதர்ட்-பை" (சேர்ந்து எழுதியவர்) வரியைச் சேர்க்கும் பழக்கத்தைக் கூடலின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிக்கொடுங்கள். கிட்ஹப் அந்த வரியைப் படித்து இருவர் கணக்கிலும் காட்டும். குறிப்பிலும் இருவர் பெயரும் வரட்டும்.

நிரலைத் தொடாதவர்கள் இன்னும் எளிதாகக் காணாமல் போவார்கள். சோதித்துப் பார்த்தவர், பழைய வழுக்களைத் திறந்து இன்னும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மூடியவர், புதிதாக வந்தவருக்குக் கட்டமைப்புச் சூழலை நிறுவிக்கொடுத்தே ஒரு நாளைக் கழித்தவர், ஆய்வகத்தின் சாவியை வாங்கி வைத்திருந்த ஆய்வக உதவியாளர். இவர்களுக்குக் கடைசியில் ஒரு மொத்த நன்றி சொன்னால் போதாது. வழுக்களைச் சலித்தவரின் வேலை வழுக்களைப் பற்றிய பத்தியிலேயே வர வேண்டும். "வந்திருந்த பழைய வழுக்களில் பெரும்பகுதியை இவர் முன்பே சலித்து வைத்திருந்ததால்தான் மற்றவர்கள் நேராக நிரலுக்குப் போக முடிந்தது" என்று எழுதினால் அந்த வேலைக்கும் மரியாதை, படிப்பவருக்கும் நாமும் இதைச் செய்யலாம் என்ற எண்ணம் வரும்.

பெயர் போடுவதற்கு முன் கேளுங்கள். சிலர் புனைபெயரில்தான் பங்களிப்பார்கள். சிலர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள், அலுவலகத்தில் தெரிய வேண்டாம் என்று நினைப்பார்கள். மாணவிகள் சிலர் முழுப்பெயரும் கல்லூரிப் பெயரும் சேர்ந்து வருவதை விரும்புவதில்லை. காரணம் கேட்காமல் அவர்கள் சொல்லும் பெயரை அப்படியே போட்டுவிடுங்கள்.

படங்களுக்கும் இதே விதி. சில பன்னாட்டு மாநாடுகளில் படம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டி தருவார்கள். நம் கூடல்களில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் போதும். வெளியிடும் முன் படக்கோப்பில் ஒளிந்திருக்கும் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். திரைகள் தெரிந்தால் பெரிதாக்கிப் பாருங்கள், கடவுச்சொல்லோ தனிமடலோ திறந்திருக்கலாம். குழுப் படம் ஒன்று இருக்கட்டும். அதைவிட, இரண்டு பேர் ஒரே திரையைக் குனிந்து பார்க்கும் படம் அந்த நாளைப் பற்றி அதிகம் சொல்லும்.

எண்கள்

எண்கள் வேண்டும். ஆனால் அவற்றை எடுக்கும் விதத்தில் கவனம் வேண்டும். கமிட்டுகளைப் பட்டியலிடும் கிட் லாக் கட்டளைக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் கொடுத்தால் அந்த இரண்டு நாள் கமிட்டுகள் வரும் என்று நினைப்போம். அந்தத் தேதி வடிகட்டல் நிரலை எழுதிய நேரத்தைப் பார்ப்பதில்லை, கமிட் பதிவான நேரத்தைப் பார்க்கிறது. கூடலில் எழுதிய பேட்சைப் பராமரிப்பாளர் புதன்கிழமை ரீபேஸ் செய்து (புதிய நிரலின் மேல் மறுபடி பதிந்து) சேர்த்தால் அது புதன்கிழமைக் கணக்கில் போய்விடும். நேர மண்டலமும் குழப்பும். தளம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைக் காட்டினால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். சனிக்கிழமை விடியற்காலையில் செய்தது வெள்ளிக்கிழமையில் போய் உட்காரும். முதலில் சொன்ன முத்திரை இங்கேதான் காப்பாற்றும். தேதியை விட்டுவிட்டு முத்திரையை வைத்து எண்ணுங்கள்.

மூடிய வழு, சேர்ந்த பேட்ச், மறுபார்வைக்குக் காத்திருக்கும் பேட்ச் ஆகிய மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். மூன்றையும் கூட்டி ஒரே பெரிய எண்ணாகப் போடுவது நேர்மையில்லை. மொழிபெயர்ப்பு என்றால் சரங்களின் எண்ணிக்கையோடு, எத்தனை சரங்களை இன்னொருவர் சரிபார்த்தார் என்பதும் வர வேண்டும். "கோப்பு" என்று ஒருவரும் "ஃபைல்" என்று இன்னொருவரும் ஒரே பட்டியில் எழுதியிருந்தால் எண்ணிக்கை உயர்ந்தும் பயனில்லை. எந்தச் சொற்பட்டியலைப் பின்பற்றினோம் என்று ஒரு இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.

எந்த மொழியில், எப்போது, எங்கே

தமிழில் எழுதுங்கள். அடுத்த கூடலுக்கு வரப்போகிறவர் படிப்பது தமிழில்தான், அவர் தயக்கத்தை உடைப்பதும் அதுதான். மூலத் திட்டத்தின் பராமரிப்பாளர்களுக்கு முடிவுகளும் பொறுப்புப் பட்டியலும் அடங்கிய ஒரு பக்கச் சுருக்கம் ஆங்கிலத்தில் தனியாகப் போகட்டும். அவர்களுக்கு நம் டீ வேளை தேவையில்லை, கௌதாரி தேவை.

முதல் வரைவை இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஏட்டில் "11.40, என்எஃப்சி" என்று இருப்பதை விரித்து எழுத நினைவு வேண்டும், அது வேகமாகக் கரையும். வரைவை மேசைக்கு ஒருவரிடம் கொடுத்து அவரவர் பத்தியைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். "தப்பா எழுதியிருந்தா திருத்துங்க" என்றால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "இதைப் படிச்சு நாளைக்கு ஒருத்தர் உங்க வேலையைத் தொடர முடியுமா?" என்று கேட்டால் விட்டுப்போன கட்டளை, மறந்துபோன சார்புப் பொதி (நிரல் ஓடத் தேவைப்படும் வேறு மென்பொருள்) எல்லாம் வந்து சேரும்.

வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் அது ஒரு வாரத்தில் மேலே ஏறிக் காணாமல் போய்விடும். திட்டத்தின் களஞ்சியத்திலேயே ஓர் அடைவு உருவாக்கி, ஆண்டும் மாதமும் கோப்பின் பெயரில் வைத்து எளிய உரைக்கோப்பாகச் சேமியுங்கள். நிரல் இருக்கும் வரை குறிப்பும் இருக்கும், திருத்த வேண்டியவர் பேட்ச் அனுப்பித் திருத்தலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைக் கீழே குறிப்பிடுங்கள். படங்களுக்கும் அதையே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஊர்க்காரர் எடுத்துப் பயன்படுத்தத் தயங்குவார்.

குறிப்பின் கடைசிப் பகுதி மிச்ச வேலைப் பட்டியல். வரிக்கு ஒரு வேலை, ஒரு பெயர், ஒரு இணைப்பு. பெயர் இல்லாத வரிக்கு "யாரும் எடுக்கலாம்" என்று எழுதுங்கள். அதோடு அந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். "ஔகாரக் குறி தவறாகப் பதிந்த சொற்களைப் பிரித்தெடுப்பது: நிரல் தெரிய வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும், விரிதாள் இங்கே" என்ற வரியைப் பார்த்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்களுக்கு எழுதினார். இன்று அந்த விரிதாள் அவர் கையில்தான் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரிக்கு நேரேயும் நிலைமையைக் குறியுங்கள். முடிந்ததற்கு கமிட் இணைப்பு. அசையாமல் நிற்கும் வரிக்குப் பொறுப்பேற்றவரை ஒரு முறை தனியாகக் கேளுங்கள். அவருக்கு முடியாதென்றால் பெயரை எடுத்துவிட்டு வரியைத் திறந்துவிடுங்கள். தேர்வு இருக்கும், வேலை மாறியிருப்பார்கள், வீட்டில் ஆயிரம் இருக்கும். மாற்றிய தேதியைப் பக்கத்தில் போட்டுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு, அடுத்த கூடலுக்கான அழைப்பில் முதல் இணைப்பாக அந்தப் பட்டியலையே வையுங்கள்.